கரையோரத் தபால்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர், தரங்கம்பாடி முதல் வேதாரண்யம் வரை கடற்கரை ஊர்த் தபால் நிலையங்களில் 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: பொறையாறு பக்கத்தில் 'கடுதாசிப்பட்டறை' என்று ஓர் இடம் இருப்பதாக என் மாமியார் சொல்கிறார். தபால் இலாகாவுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் உண்டா ஐயா?
வாசகி, கும்பகோணம்

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான் அம்மா. ஒரு கார்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இங்கே கடுதாசி செய்கிற பட்டறைகூட இருக்கா?" என்று சீனியரிடம் கேட்டேன். முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "இருந்துச்சு. நீ முந்நூறு வருஷம் லேட்டு" என்றார்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. இங்கே கடுதாசி என்றால் எழுதி அனுப்பும் கடிதம் இல்லை, வெறும் காகிதம். டேனிஷ்காரர்கள் 1620ல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அதற்கப்புறம் 86 வருஷம் கழித்து, 1706 ஜூலையில், சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். ஜெர்மன்காரர், கிறிஸ்தவ மதத்தைப் பரப்ப டென்மார்க் ராஜா அனுப்பி வந்த பாதிரியார். வயது 24கூட நிறையவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ' எழுதிப் பழகினார் என்பது நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்த கதை. வந்து மூன்று வருஷம் ஆவதற்குள் கோட்டைக் கவர்னரோடு தகராறு ஏற்பட்டு, நாலு மாதம் அதே கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார். இந்தக் கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

பைபிளைத் தமிழில் அச்சடிக்க அவருக்கு அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் வார்த்து 1713ல் அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் பெரிது பெரிதாக இருந்தது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் ஆள் தூக்க முடியாத புத்தகமாகிவிடும். அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இது. 1715ல் புத்தகம் முடிந்தது.

எழுத்துப் பிரச்சினை தீர்ந்தால் காகிதப் பிரச்சினை வந்தது. காகிதம் கப்பலில்தான் வரவேண்டும், கப்பலோ காற்றைப் பார்த்துத்தான் வரும். சரி, நாமே செய்துகொள்வோம் என்று பொறையாற்றில் ஒரு காகித ஆலை போட்டார்கள். அதுதான் கடுதாசிப்பட்டறை. ஆலை நெடுநாள் ஓடவில்லை. சீகன்பால்கும் 1719ல், 36 வயதில் போய்ச் சேர்ந்தார். பட்டறை மூடி முந்நூறு வருஷமாகியும் ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை விடவில்லை.

தமிழில் முதன்முதலில் அச்சானது தரங்கம்பாடியில்தான் என்று சிலர் மேடையில் அடித்துப் பேசுகிறார்கள். அது சரியில்லை. 1578லேயே கொல்லத்தில் 16 பக்கத் தமிழ்ப் புத்தகம் ஒன்று அச்சாகியிருக்கிறது. தரங்கம்பாடிக்குப் பெருமை வேண்டுமளவு இருக்கிறது, இரவல் பெருமை எதற்கு?

கேள்வி: நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் ஒன்று இருந்ததாமே. எப்போது விழுந்தது?
கல்லூரி மாணவர், திருவாரூர்

விழவில்லை தம்பி, இடித்தார்கள். வருஷம் 1867.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய நாட்டு அரசர், அதாவது இன்றைய சுமத்ரா, மலேயா பக்கத்து அரசர், நாகையில் ஒரு பௌத்த விகாரம் கட்டினார். சூடாமணி விகாரம். தந்தை பெயரில் மகன் கட்டி முடித்தது. அதன் செலவுக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வரியைக் கொடுத்தான். சிவபக்தனான ராஜா, வெளிநாட்டு ராஜா கட்டிய புத்தர் கோவிலுக்கு ஊர் கொடுத்திருக்கிறான். ஆனைமங்கலம் இன்றும் கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கிறது. அந்தத் தானத்தை எழுதிய செப்பேடுகள் 21. ஐந்து ஏட்டில் சமஸ்கிருதம், பதினாறில் தமிழ். ஒல்லாந்துக்காரர் காலத்தில் கடல் கடந்து லெய்டன் நகரத்துக்குப் போனதால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வந்துவிட்டது.

நீங்கள் கேட்கும் கோபுரம் நாகைக்கு வடக்கே நின்றது. மூன்று நிலை, செங்கல்லைச் சாந்தில்லாமல் நெருக்கி அடுக்கிக் கட்டியது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் சொன்னார்கள். கடலில் வரும் மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி 1846ல் வந்து பார்த்து எழுதி வைத்தார், படமும் இருக்கிறது. அது இல்லையென்றால் அந்தக் கோபுரம் எப்படி இருந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

பக்கத்தில் கல்லூரி நடத்திய சேசு சபைப் பாதிரியார்கள், அந்த இடம் தங்களுக்கு வேண்டும், இடித்துக்கொள்கிறோம் என்று அரசாங்கத்திடம் மனு கொடுத்தார்கள். எட்டு வருஷம் இழுத்தடித்து, 1867ல் சென்னை அரசாங்கம் சரி என்றது. இடித்தாயிற்று. அந்தக் கல்லூரி 1883ல் நாகையை விட்டுத் திருச்சிக்குப் போய்விட்டது. பதினாறு வருஷத்துக்காக எண்ணூறு வருஷத்துக் கட்டடத்தைக் கொடுத்திருக்கிறோம். எனக்குக் கோபம் மனு போட்டவர்கள் மேல்கூட அவ்வளவு இல்லை, கையெழுத்துப் போட்டவர்கள் மேல்தான்.

இதில் இன்னொரு விசித்திரம். முந்தைய பதிலில் வந்த சீகன்பால்கு, நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி 1713லேயே ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். ஐயனார், மாரியம்மன் எல்லாம் அதில் உண்டு. "இதை ஒழிக்கத்தான் உன்னை அனுப்பினோம், இங்கே பரப்புவதற்கு அல்ல" என்கிற மாதிரி அங்கே முகம் சுளித்துக் கட்டி வைத்துவிட்டார்கள். அது கடைசியில் சென்னையில் அச்சாகி வெளியே வந்தது எந்த வருஷம் தெரியுமா? அதே 1867.

நான் பிறந்தது நாகை வெளிப்பாளையத்தில். அங்கேயும் நாணயக்காரத் தெருவிலும் 1856 முதல் 1930கள் வரை பூமிக்கடியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பல இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சின்ன வயதில் எங்கள் தெருவில் எவன் வீட்டில் அஸ்திவாரம் தோண்டினாலும் நாங்கள் ஆறேழு பேர் போய் நின்றுவிடுவோம். எனக்குக் கிடைத்தது ஒரு ஓட்டைச் செம்பு. அதையும் அம்மா பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டாள்.

கேள்வி: நாகூர் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டியது இந்து ராஜா என்பது உண்மையா?
வாசகர், காரைக்கால்

உண்மை. ஐந்து மினாராக்களில் பெரியது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் கட்டிக் கொடுத்தது. 131 அடி.

நாகூர் ஆண்டகை பேரில் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் ஒரு தர்கா இருக்கிறது, 1828க்கும் 1830க்கும் நடுவில் கட்டியது. பினாங்கிலும் ஒன்று உண்டு. ஆண்டகை அடக்கமானது நாகூரில்தான். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருப்பவை நினைவிடங்கள். கடல் கடந்து பிழைக்கப் போன சபுராளிகள், ஊரை விட்டு வர மனசில்லாமல், ஊரின் அடையாளத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டார்கள்.

கேள்வி: போன இதழில் தில்லையாடி வள்ளியம்மை தில்லையாடியில் பிறந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். தவறு இல்லையா?
ஆசிரியை, சீர்காழி

தவறுதான் டீச்சர், என் தவறு. பெற்றோரின் ஊர்தான் தில்லையாடி. அவர் பிறந்தது தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கில், 1898 பிப்ரவரி 22. காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்து சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். சரியாக 16 வயது. தில்லையாடியை அந்தப் பெண் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. காந்திதான் 1915ல் தேடிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பெயருக்கு முன்னால் ஊர் ஒட்டிக்கொண்டால் அங்கே பிறந்தவர் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் அப்படித்தான். 1879ல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டவர். பிறந்தது திருச்சிப் பக்கம் குளத்தூர். முன்சீப்பாக இருந்ததோ தரங்கம்பாடியிலும் பிறகு மாயூரத்திலும். தரங்கம்பாடிக்காரர்கள் முந்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் என்றால் ராஜாஜி, சர்தார் வேதரத்தினம் என்று இரண்டு பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். வேறு யாரும் இல்லையா?
வாசகர், மன்னார்குடி

வைரப்பன்.

வேதாரண்யத்தில் முடி திருத்தும் தொழில் செய்தவர். 1930ல் அவரும் அவரைப் போன்றவர்களும், அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். ஒரு நாள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பாதிச் சவரம் ஆகும்போதுதான் வைரப்பனுக்குத் தெரிந்தது, ஆள் போலீஸ்காரர் என்று. கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பாதி முகத்தோடு அந்தப் போலீஸ்காரர் என்ன கெஞ்சியும் மிரட்டியும் நடக்கவில்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. மீதியைச் செய்து முடி, இல்லையென்றால் ஜெயில் என்றார் மாஜிஸ்திரேட். வைரப்பன் தன் பெட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "வேண்டுமானால் எஜமானே செய்துவிடுங்கள்" என்றாராம். ஆறு மாதம் போட்டார்கள். ஊரில் இதைச் சொல்லும்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் பெட்டியை வைத்த இடம் மட்டும் யார் சொன்னாலும் மாறாது. வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. அடுத்த முறை கோவிலுக்குப் போனால் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெயரே தெரியாதவர்களும் உண்டு. ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் ஏப்ரல் 13ஆம் தேதி, சித்திரை வருஷப் பிறப்பன்று, திருச்சியிலிருந்து கிளம்பினார்கள். உங்கள் மன்னார்குடி வழியாகத்தான் போனார்கள். தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஜெயில் என்று நோட்டீஸ் அடித்து ஊர் ஊராகப் போட்டார். சோறு கொடுத்தால்தானே ஜெயில்? ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டி, தொண்டர்கள் போகும் வழியில் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவர்கள் கொடுக்கவும் இல்லை, அவர்கள் கேட்டு வாங்கவும் இல்லை. 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதானார். ருக்மிணி லட்சுமிபதி கைதானதும் வேதாரண்யத்தில்தான். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போன முதல் பெண் அவர்.

அந்த மரங்களில் எத்தனை இப்போது இருக்கும்? சாலையை அகலப்படுத்தும்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: ஒரு நாள் பயணமாகக் கோடியக்கரை போகிறோம். எதைப் பார்க்கலாம்?
வாசகி, தஞ்சாவூர்

காலையில் வேதாரண்யம் கோவில். "திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்பார்கள். அப்புறம் தெற்கே போனால் அகஸ்தியம்பள்ளி உப்பளம், அதைத் தாண்டினால் சரணாலயம். 1967ல் அறிவித்தது. வெளிமான் கட்டாயம் கண்ணில் படும், மட்டக்குதிரையும் படும். பூநாரை வேண்டுமென்றால் மழைக்காலம் ஒட்டிப் போகவேண்டும். ராமர் பாதம் என்ற மேட்டில் ஏறினால் சுற்றிலும் தெரியும். மேடு என்றதும் மலையை நினைத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் பக்கத்தில் அதுவே உயரம்.

குழகர் கோவிலை விட்டுவிடாதீர்கள். சுந்தரர் வந்து பார்த்துவிட்டு இறைவனிடமே சண்டை பிடித்த இடம் அது. கடற்காற்று இப்படி அடிக்கிறது, பக்கத்தில் நாலு குடி இருந்தால் என்ன குற்றம், யார் துணையென்று இங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறீர் என்று கேட்கிறார். சாயங்காலம் காற்று ஏறும்போது அங்கே நின்றால், கேட்டதில் தப்பே இல்லை என்று படும்.

சோழர் காலத்தது என்று சொல்லும் பழைய கலங்கரை விளக்கத்தைத் தேடவேண்டாம். 2004 சுனாமியில் போய்விட்டது. அந்த ஒரு காலையில் நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். செங்கல்லைப் பற்றி யார் கவலைப்பட முடியும்? இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

கேள்வி: தபால்காரருக்குப் பின்கோடு தெரியாமல் இருக்குமா? இந்தக் கடற்கரைக்கு எது?
எட்டாம் வகுப்பு மாணவன், நாகப்பட்டினம்

பரீட்சை வைக்கிறாயா தம்பி? தரங்கம்பாடி 609313, நாகை 611001, நாகூர் 611002, வேளாங்கண்ணி 611111, வேதாரண்யம் 614810. ஒரே கடற்கரைக்கு மூன்று வரிசை. நான் சேரும்போது எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம். 1991ல் நாகை மாவட்டம் ஆனது. 2020ல் தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்துக்குப் போனது. 609 மட்டும் 609ஆகவே இருக்கிறது.

கேள்வி: இத்தனை வருஷ உத்தியோகத்தில் மறக்கமுடியாத விலாசம் எது?
வாசகர், சென்னை

அதைச் சொல்வதற்கு முன் ரஜூலாவைச் சொல்லவேண்டும். இளையவர்களுக்குத் தெரியாது. எஸ்.எஸ். ரஜூலா என்பது 1926ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை போய் வந்தது. எங்கள் பக்கத்தில் மலேயாவுக்குப் போனவர்கள் யாரைக் கேட்டாலும் ரஜூலாவில்தான் போயிருப்பார்கள். நாகையில் பெரிய கப்பல் கரைக்கு வர ஆழம் போதாது. தள்ளி நடுக்கடலில் நிற்கும். டிரங்குப் பெட்டியோடு படகில் ஏறிப் போய், அலையில் படகு எழும்புகிற நேரம் பார்த்து ஏணியில் காலை வைக்கவேண்டும். கரையில் நின்று பார்க்கிற எங்களுக்கு அது தேர்த் திருவிழா. திரும்பி வருகிற நாளில் தெரு முழுக்கக் கோடாலித் தைல வாசனை.

என் பெரியப்பா 1962ல் அப்படித்தான் போனார். படகில் ஏறும்போது என் கையில் ஒரு எட்டணாவைத் திணித்தார். அதற்கப்புறம் அவரை நான் பார்த்ததெல்லாம் ஏர் மெயில் உறையில் இருந்த ஸ்டாம்பில்தான்.

ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்தோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் சார்ட்டிங்கில் பினாங்கு முத்திரையோடு ஓர் உறை வந்தது. பென்சிலில் கோணல்மாணலான தமிழ். பெயர் இருந்தது, அப்பா பெயர் இருந்தது. தெரு இல்லை, கதவு எண் இல்லை. தெருவுக்குப் பதிலாக இப்படி: "ரஜூலா நிக்கிற எடத்துக்கு நேர் எதுத்தாப்புல, ஓட்டு வீடு, நாகப்பட்டணம்."

விலாசம் போதாது என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கலாம், சட்டம் அதுதான். நான் பேனாவையும் எடுத்துவிட்டேன். எங்களிடம் ஒரு வயதான டெலிவரிக்காரர் இருந்தார், ஓய்வுக்கு ஆறு மாதம் பாக்கி. உறையை வாங்கி இரண்டு தடவை படித்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். ரஜூலா நின்ற திசையைப் பார்த்து நின்று, அப்படியே முதுகைத் திருப்பி நேராக நடந்திருக்கிறார். மூன்றாவது வீடு. ஓடு எடுத்துத் தளம் போட்டிருந்தார்களாம், அதனால்தான் கொஞ்சம் நேரமாகிவிட்டது என்றார்.